கூட்டமாக டெல்லிக்கு ரயில் ஏறப் போகிறவர்களுக்கு

குடும்பமாகவோ தெருக்காரர்களாகவோ பழைய ஆபீஸ் நண்பர்களாகவோ பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வடக்கே போகலாம் என்று பேச்சு கிளம்பிவிட்டால், எந்த லாட்ஜ், தாஜ்மகாலுக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, ஸ்வெட்டரை இங்கேயே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா என்றுதான் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. யாரோ டிக்கெட் போடுவார்கள், ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் போய்வந்த பிறகு பாருங்கள், கல்யாண வீட்டில், காதுகுத்தில், எங்கே கூடினாலும் பேச்சு அந்த ரயில் பெட்டிக்குத்தான் திரும்பும். குதுப்மினாரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பல்லார்ஷாவில் மாமா காணாமல் போனதைப் பற்றி மட்டும் இன்றைக்கும் பேசுகிறார்கள் (அதைப் பிறகு சொல்கிறேன்).

எனவே இங்கே டெல்லியில் என்னென்ன பார்ப்பது என்று தேடாதீர்கள். முதல் தடவையாக ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறப் போகிற, எல்லாருடைய போனும் தேடி வரப்போகிற அந்த ஒரு ஆளுக்காக எழுதுகிறேன். என்னைக் கேட்டால், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை ஒழுங்காகத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி சாப்பாடு. மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

எந்த ரயில், எந்த மாதம்

சென்னை சென்ட்ரலிலிருந்து டெல்லிக்குப் போவதென்றால் நம் ஆட்கள் வாயில் வருவது இரண்டு பெயர்கள்தான். ஒன்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் (12621), இன்னொன்று ஜி.டி. என்கிற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் (12615). ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவு ஒரு பகல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதிகம் நிற்காமல் விறுவிறுவென்று போகும், ஜி.டி. கொஞ்சம் நின்று நின்று போகும். தனியாகப் போனால் நான் முதலாவதில் ஏறுவேன், கூட்டத்தோடு போனால் ஜி.டி.தான். நின்றால்தானே இறங்கிக் காலை நீட்டலாம், டீ குடிக்கலாம். 1929இல் ஓட ஆரம்பித்த ரயில் அது, அப்போது பெஷாவர் வரை போனதாம். இப்போது டெல்லியோடு நின்றுவிட்டாலும் பெயரில் அந்தப் பழைய மிடுக்கு இருக்கிறது.

தென்மாவட்டக்காரர்கள் சென்னைக்கு வந்து மாற வேண்டியதில்லை. கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியும் இருக்கின்றன. இவை இரண்டும் டெல்லியில் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் விடும், புது டெல்லி நிலையத்தில் அல்ல. லாட்ஜ் போடுவதற்கு முன்பே இதைக் கவனித்துவிடுங்கள். கன்னியாகுமரியிலிருந்து நேராக ஜம்மு பக்கம் கத்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் போகலாமா என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். நல்ல ரயில்தான், நாட்டை நெடுக்காகப் பார்த்துவிடலாம், ஆனால் மூன்று இரவு. முதல் தடவையே அதில் கூட்டத்தை ஏற்ற வேண்டாம். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பெரியவர்களுக்கு இடுப்பு பேச ஆரம்பிக்கும்.

மாதம் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் சந்திரபூர், நாக்பூர் பக்கம் அடிக்கிற வெயிலில் ஸ்லீப்பர் பெட்டி கொதிக்கும், ஜன்னலைத் திறந்தால் காற்றுக்குப் பதில் அனல் வரும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் வடக்கே பனிமூட்டம், மணிக்கணக்கில் தாமதம் சர்வசாதாரணம். டெல்லியில் இறங்கி மூன்று மணி நேரத்தில் ஹரித்வார் ரயில் என்றெல்லாம் அந்த மாதங்களில் திட்டம் போட்டால் நடுவில் எங்கோ வயல்வெளியில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, இல்லாவிட்டால் தீபாவளி கழிந்த நவம்பர். இந்த மாதங்களில் ஸ்லீப்பரிலேயே சுகமாகப் போகலாம். மற்ற மாதங்களில் மூன்றடுக்கு ஏசி எடுத்துவிடுங்கள், காசைப் பார்க்க வேண்டாம்.

ஸ்லீப்பரா ஏசியா என்பதில் என் சாய்வு ஸ்லீப்பர் பக்கம்தான், மறைக்கவில்லை. திறந்த ஜன்னல், சத்தம் போட்டுச் சிரித்தால் யாரும் முறைக்க மாட்டார்கள், நிலையத்துக்கு நிலையம் ஏதாவது ஒன்று ஜன்னல் வழியே வரும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கே போகப் போக முன்பதிவு இல்லாதவர்களும் ஸ்லீப்பரில் ஏறிவிடுவார்கள், பண்டிகை நாட்களில் நடைபாதையில்கூட ஆள் உட்கார்ந்திருப்பார். வயதானவர்கள் நான்கு பேருக்கு மேல் இருந்தால் ஏசி. போர்வை, தலையணையும் அங்கே கொடுத்துவிடுவார்கள், ஸ்லீப்பரில் எல்லாம் நம் மூட்டையிலிருந்துதான்.

டிக்கெட்: முதலில் ஆட்களைப் பிரியுங்கள்

முன்பதிவு பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் ஒரே நாளில் கிடைக்காது, இரண்டு காலைகள் ஒதுக்கி வையுங்கள். முன்பதிவு திறக்கிற நேரத்தில் ஆன்லைனில் எடுக்க, ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்க வேண்டும். அதை முந்தின நாள் இரவு உட்கார்ந்து செய்யாதீர்கள், இரண்டு வாரம் முன்பே முடியுங்கள்.

ஒரு டிக்கெட்டில், அதாவது ஒரு பிஎன்ஆரில், அதிகபட்சம் ஆறு பேர். பதினான்கு பேர் என்றால் உடனே ஆறு, ஆறு, இரண்டு என்று போடத் தோன்றும். போடாதீர்கள். லோயர் பெர்த்துக்கு ஒரு தனி ஒதுக்கீடு இருக்கிறது, 60 வயது முடிந்த ஆண்களுக்கும் 45 முடிந்த பெண்களுக்கும். அந்த வயதுக்காரர்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் பார்க்கும். கூட ஒரு இளவட்டத்தைச் சேர்த்தாலோ, மூத்தவர்களே மூன்று பேரானாலோ போச்சு. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பேரன் பேத்திகளோடு ஒரே பிஎன்ஆரில் பாசமாகப் போட்டால், அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அப்பர் பெர்த் வந்து நிற்கும். பெரியவர்களை ஜோடி ஜோடியாகத் தனி டிக்கெட்டில் போடுங்கள். மீதிப் பேரைக் குடும்பம் குடும்பமாக.

அப்படியானால் எல்லாரும் வேறு வேறு பெட்டிக்குப் போய்விடுவார்களே என்று கேட்பீர்கள். முன்பதிவுப் படிவத்தில் விருப்பப் பெட்டி எண் என்று ஒரு இடம் இருக்கும், பலரும் அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. முந்தின நாளே எஸ்5 என்று முடிவு செய்துகொண்டு, நான்கு பேர் நான்கு போனிலிருந்து சரியாக எட்டு மணிக்கு அவரவர் டிக்கெட்டில் எஸ்5 என்று போட வேண்டும். உத்தரவாதம் கிடையாது, ஆனால் முதல் சில நிமிடங்களில் போட்டால் பெரும்பாலும் ஒரே பெட்டியில் விழும். பெயர், வயதையெல்லாம் ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே பட்டியலாகச் சேமித்து வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. யாரோ ஒருவர் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரே ஆள் தலையில் கட்டினால், அவர் நான்காவது டிக்கெட்டுக்கு வரும்போது வெயிட்டிங் லிஸ்ட் ஆரம்பித்திருக்கும்.

கடைசி நேரத்தில் எடுக்கும் தட்கல் டிக்கெட்டை நம்பிக் கூட்டத்தைக் கிளப்பவே கிளப்பாதீர்கள். ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான் போட முடியும், ரத்து செய்தால் உறுதியான டிக்கெட்டுக்குப் பணமும் திரும்பாது. இருபது முப்பது பேர் என்றால் வேறு வழி. நிலையத்தில் முன்பதிவு மேற்பார்வையாளரைப் பார்த்து, பெயர்ப் பட்டியலோடு விண்ணப்பம் கொடுத்து மொத்தமாக எடுக்க அனுமதி கேட்கலாம். ஒரு பெட்டியையே வாடகைக்கு எடுக்கவும் முடியும், அதற்கு முன்பணம், கூடுதல் கட்டணம் என்று செலவு தனி.

கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்பார், எந்தக் கூட்டத்திலும் அந்த ஒருவர் உண்டு. அவர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம், மொத்த டிக்கெட்டையும் தொட வேண்டாம். அவருக்குப் பதில் அவர் வீட்டிலிருந்தே அண்ணன், தங்கை, மனைவி, பிள்ளை என்று வேறொருவர் வருவதானால், ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. உறவைக் காட்டும் சான்று வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்ற முடியாது.

பிள்ளைகளுக்கு: ஐந்து வயதுக்குள் என்றால் பெர்த் கேட்காதவரை டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் அரை. முழுக் கட்டணம் கொடுத்தே எடுங்கள். எட்டு வயதுப் பையனோடு ஒரே பெர்த்தில் படுத்தவர்கள் மறுநாள் முகத்தைப் பார்த்தால் தெரியும். முதியோர் சலுகைக் கட்டணம் 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, அதை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

எட்டால் வகுத்துப் பாருங்கள்

டிக்கெட் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு தாள் எடுத்துப் படம் போடுவது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். 1 லோயர், 2 மிடில், 3 அப்பர், எதிரே 4 லோயர், 5 மிடில், 6 அப்பர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். அதற்கு மேல் எந்த எண்ணாக இருந்தாலும் எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். 37 என்றால் மீதி 5, மிடில். 44 என்றால் மீதி 4, லோயர். 63 என்றால் 7, சைடு லோயர். மீதியே இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். 33 முதல் 40 வரை ஒரே தடுப்பு, 41 முதல் 48 வரை அடுத்தது. புதிய எல்ஹெச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த் இருக்கும், பழைய வகையில் 72.

இந்தப் படத்தில் நம் ஆட்களின் பெயரை எழுதுங்கள், ஆனால் டிக்கெட்டில் வந்தபடி எழுத வேண்டாம். ரயிலுக்குள் நமக்குள்ளே மாற்றிக்கொள்வது நம் இஷ்டம், டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வந்ததும் சொல்லிவிட்டால் சரி. முழங்கால் வலிக்காரர்களுக்கு லோயர், அதில் பேச்சே இல்லை. பெட்டியின் இரண்டு கோடியிலும் உள்ள தடுப்புகளில், அதாவது 1 முதல் 8, 73 முதல் 80, யார் வந்தாலும் கதவு அடிக்கும், கழிவறை வாடை வரும், அங்கே இளவட்டங்களைத் தள்ளுங்கள். பெரியவர்களைக் கோடியிலிருந்து இரண்டாவது தடுப்பில் வைத்தால் இரவில் நடக்கும் தூரமும் குறைவு, வாடையும் இல்லை. குறட்டைக்காரர் யாரென்று குடும்பத்துக்கே தெரியும், அவரை நடுவில் வைக்காதீர்கள். ஆறடி உயரமுள்ளவரை சைடு பெர்த்தில் போட்டால் இரண்டு இரவும் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடி இருந்தால் சைடு லோயரையும் சைடு அப்பரையும் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், எதிரெதிரே உட்கார்ந்து ஒரு ஜன்னலைப் பங்கிட்டுக்கொள்ள ரயிலில் அதைவிட நல்ல இடம் கிடையாது. சீட்டாடும் கோஷ்டிக்குத் தனித் தடுப்பு. அவர்கள் பக்கத்தில் சீக்கிரம் தூங்குகிறவர்களை வைத்தால் முதல் இரவே பஞ்சாயத்து.

மிடில் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரித்து வைக்கலாம் என்பது விதி. நம் கூட்டத்துக்குள் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வெளியார் இருந்தால் விதிப்படி நடப்பதுதான் மரியாதை.

வெளியார் இருக்கத்தான் செய்வார்கள். எட்டில் ஒன்றோ இரண்டோ பெர்த் நம்முடையதாக இருக்காது. தடுப்பு முழுக்க நம் மூட்டையும் நம் சத்தமுமாக இருக்க, தனியாக வந்த ஒரு மனிதர் தன் ஜன்னலோரத்தைத் தேடிக்கொண்டு நிற்பது மாதிரி ஆகிவிடக் கூடாது. பெர்த் மாற்றிக் கேட்பதானால் அவர் பை வைப்பதற்கு முன் கேளுங்கள். அவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கேட்பது பாதி மிரட்டல். அவருக்கு இருப்பதைவிட நல்ல பெர்த்தையோ, குறைந்தது அதற்குச் சமமானதையோ கொடுங்கள். வேறு பெட்டிக்குப் போகச் சொல்லவே கூடாது. அப்புறம், கேட்பதை வீட்டில் உள்ள மூத்த பெண்மணியிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் கேட்டால் நடக்கும்.

எங்கள் பெரியம்மாவுக்கு ஒருமுறை லோயர் கிடைக்கவில்லை. கீழே இருந்தவர் ஆவடியில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் ஜான்சிக்குப் போகிற ராணுவ வீரர். பெரியம்மா கேட்கவே இல்லை, மேலே ஒரு தடவை பார்த்து "முருகா" என்றார், அவ்வளவுதான். அந்தத் தம்பி தன் பையை எடுத்து அப்பர் பெர்த்தில் போட்டுவிட்டு, "நீங்க படுங்க அம்மா" என்றார் ஆவடித் தமிழில். அதற்குப் பிறகு ஜான்சி வரைக்கும் அவர் காசு கொடுத்து எதுவும் சாப்பிடவில்லை, பெரியம்மா விடவில்லை. இறங்கும்போது அவர் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் தக்காளித் தொக்கு இருந்தது. அந்த பாட்டிலை நம்பித்தான் நாங்கள் மறுநாளைக்கு பிரெட் வாங்கி வைத்திருந்தோம் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டுப் பொறுப்பு

சமைத்துக் கொண்டுபோவது, வழியில் வாங்குவது இரண்டும் கலந்துதான் சரிவரும். எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டினால் கடைசி வேளைச் சாப்பாடு சந்தேகத்தோடுதான் திறக்கப்படும். முழுக்க ரயிலின் சமையல் பெட்டியான பேன்ட்ரியை நம்பினால் இரண்டாம் நாள் மதியத்தில் பெரியவர்கள் சாப்பாட்டையே வேண்டாம் என்பார்கள்.

முதல் இரவுக்குத் தயிர் சாதம் அல்லது இட்லி. தயிர் சாதத்தைத் தயிரில் பிசைந்தால் ராத்திரிக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். மறுநாள் காலைக்கும் இதே இட்லி வரும், மதியத்துக்குப் புளியோதரை, எண்ணெய் தாராளமாக. இரவுக்குச் சப்பாத்தியும் தொக்கும். எலுமிச்சை ஊறுகாய், அப்பளத்துக்குப் பதில் சிப்ஸ், முறுக்கு. அளவைக் குறையுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் சாப்பிடுவதில் முக்கால்வாசிதான் சாப்பிடுவார்கள், ஆனால் நொறுக்குத்தீனி மூன்று மடங்கு போகும்.

ஒவ்வொரு வேளையையும் தனிப் பையில் கட்டி மேலே வேளையின் பெயரை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை இட்லியைத் தேடி எல்லா மூட்டையையும் பிரிப்பார்கள். காகிதத் தட்டு, கை துடைக்கத் துணி, குப்பைக்குப் பெரிய பை இரண்டு. ஜன்னல் வழியே எறியாதீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெரியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

சூடாக ஏதாவது வேண்டுமென்றால் ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து விஜயவாடா, நாக்பூர், போபால் மாதிரி பெரிய நிலையங்களில் பெர்த்துக்கே வரவழைக்கலாம். பதினான்கு பேருக்கும் ஒரே கடையில் சொல்லாதீர்கள், ரயில் தாமதமானால் மொத்தமும் மாட்டிக்கொள்ளும். பாதிப் பேருக்குச் சொல்லிப் பங்கிடுங்கள். குளிர்காலத்தில் போனால் நாக்பூரில் ஆரஞ்சு விற்க வருவார்கள், கூடையைப் பார்த்ததும் பாய வேண்டாம், ஒன்றை உரித்துக் காட்டச் சொல்லிச் சுளையைத் தின்றுபார்த்து வாங்குங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், மின்சாரக் கெட்டில், எதுவும் ரயிலில் ஏறக் கூடாது. "ஒரு டீ போட்டுக்கலாமே" என்று சின்ன சிலிண்டரைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வரும் ஆள் இருப்பார். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து நம்மைப் போலவே கூட்டமாக வந்த யாத்ரீகர்கள் அவர்கள், தடையை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அந்த ஆளிடம் இதைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பையைப் பிரித்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிளாஸ்க் போதும்.

பணம், தாள், சாமான்

டிக்கெட் காசு அவரவர் கணக்கு. வழிச் செலவுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பணப்பை. அதை வைத்திருப்பவர் கூட்டத்திலேயே கணக்கில் கறாரானவராக இருக்க வேண்டும், தாராளமானவரிடம் கொடுத்தால் நாக்பூரிலேயே காலி. பத்து, இருபது ரூபாய்த் தாளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள், வழியில் சிக்னல் வந்து வந்து போகும், டீக்காரர் நகர்ந்த பிறகு யுபிஐ சுற்றிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லா பிஎன்ஆரும் இருக்கட்டும், ஆனால் ஒரு தாளிலும் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். ரயில் எண், பெட்டி, பெர்த், எல்லார் போன் எண்ணும், யாருக்கு என்ன மாத்திரை என்பதும். ஒவ்வொரு பிஎன்ஆரிலும் குறைந்தது ஒருவரிடம் அசல் அடையாள அட்டை இருக்க வேண்டும். டிக்கெட்டைப் பிரித்துப் போட்டதால் எல்லா அட்டையும் ஒரே ஆளின் பையில் இருப்பது ஆகாது. டிக்கெட் எடுக்கும்போது 45 காசுக்குப் பயணக் காப்பீடு கேட்கும், டிக் செய்துவிடுங்கள், வாரிசு பெயரைப் பிறகு பதிய மறக்காதீர்கள்.

சாமானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், அவ்வளவு யாரும் கொண்டுவரக் கூடாது. பூட்டும் சங்கிலியும் வாங்கி லோயர் பெர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் மாட்டுங்கள். இரவில் எடுக்க வேண்டிய சால்வை, மாத்திரை, பல்துலக்கி எல்லாம் தனிக் கைப்பையில்.

ரயில் ஓடும்போது

சென்ட்ரலில் ஒரு மணி நேரம் முன்பே கூடிவிடுங்கள். ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாமானை அடுக்கப் போனால் நடைபாதை அடைபடும். இரண்டு பேர் உள்ளே அடுக்கட்டும், மற்றவர்கள் வெளியே நிற்கட்டும்.

முதல் இரவு கூடூர், நெல்லூர் எல்லாம் இருட்டில் போய்விடும், விஜயவாடாவுக்குச் சற்று முன் கிருஷ்ணா பாலத்தின் சத்தத்தில் தூக்கம் கலைந்தால் உண்டு. காலையில் கண்விழித்தால் தெலங்கானா. கழிவறைக்கு ஐந்தரைக்கு முன் போய்வந்துவிடுங்கள், தண்ணீரும் இருக்கும், வரிசையும் இருக்காது. ராமகுண்டம் தாண்டி மஞ்சேரியாலுக்கு முன் கோதாவரி. பிறகு பல்லார்ஷா, அதற்குச் சற்று முன்பே மகாராஷ்டிரம் ஆரம்பித்துவிடும்.

பல்லார்ஷாவில்தான் மாமா தண்ணீர் பிடிக்க இறங்கினார். ரயில் நகர்ந்தது, மாமா வரவில்லை. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், பிளாட்பாரம் முடிந்துவிட்டது. போன் அவர் பெர்த்திலேயே சார்ஜில் கிடந்தது. ஒருத்தர் சங்கிலியை இழுக்கலாம் என்கிறார், இன்னொருத்தர் ரயில்வே உதவி எண் 139க்கு அடிக்கிறார், அத்தைக்கு அழுகை ஆரம்பித்துவிட்டது. பெட்டி பெட்டியாக நடந்து மாமா வந்து சேர்ந்தபோது ஒரு கையில் தண்ணீர் பாட்டில்கள், இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய தாளில் வடை. கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டாராம். "சூடா இருந்தது, அதான்" என்றார். அத்தை நாக்பூர் வரை பேசவில்லை, வடையை மட்டும் சாப்பிட்டார்.

எனவே விதி இது: எந்த நிலையத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இறங்கக் கூடாது, தனியாக இறங்கக் கூடாது, போன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ரயில் நகர்ந்துவிட்டால் எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஏறு, உள்ளே நடந்து வா. வேகம் எடுத்துவிட்டால் ஏறவே ஏறாதே, நேராக நிலைய அதிகாரியிடம் போ. இதைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள். காரணமில்லாமல் சங்கிலியை இழுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு.

நாக்பூரைத் தாண்டிய மதியம்தான் இந்தப் பயணத்தின் நல்ல பகுதி. எல்லாருக்கும் புளியோதரை மயக்கம் வரும், விடாதீர்கள். ஆம்லா, பேதுல் பக்கம் சாத்பூரா மலைகளுக்குள் ரயில் வளைந்து வளைந்து இறங்கும். இட்டார்சி கழிந்து கொஞ்ச நேரத்தில் நர்மதை. பிள்ளைகளை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் சில்லறையைத் தேடுவார்கள், நர்மதையில் காசு போடுவது அங்கத்திய பழக்கம், நம்மவர்களுக்கும் உடனே தொற்றிக்கொள்ளும். பாலத்தின் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறிக்காமல் தண்ணீரில் விழுந்த காசு யாருடையது என்று எங்கள் பெட்டியில் பந்தயமே நடந்தது. ஆற்றைக் கடந்ததும் புத்னி காட்டுக்குள் சுரங்கப் பாதைகள், ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். சம்பல் பள்ளத்தாக்கு குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் நடுவில் வரும்.

பாட்டு, அந்தாக்ஷரி, சீட்டு எல்லாம் இரவு பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் பாட்டை அலறவிடும் ஆள் நம் கூட்டத்திலேயே இருந்தால் அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், பொதுப் பணத்திலிருந்தே.

யாருக்காவது உடம்பு சரியில்லை, பெட்டியில் தண்ணீர் இல்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்றால் 139, அல்லது ரயில்மதத் செயலி. பிஎன்ஆரைச் சொன்னால் அடுத்த பெரிய நிலையத்தில் ஆள் வருவார்கள்.

இறங்கும்போதும் திரும்பும்போதும்

மதுரா வந்ததுமே சாமானை எண்ண ஆரம்பியுங்கள். எண்ணிக்கையை ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டும், மூன்று பேர் எண்ணினால் மூன்று எண் வரும். புது டெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம் பஹார்கஞ்ச், மறுபக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ வேண்டுமென்றால் அஜ்மேரி கேட் பக்கம். எந்த வாசலில் கூடுவது என்பதை ரயில் நிற்பதற்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், இறங்கிய பிறகு அந்தக் கூட்டத்தில் கத்தினாலும் கேட்காது. "உங்க லாட்ஜ் மூடியாச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர் எவராயிருந்தாலும் நம்பாதீர்கள், லாட்ஜுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

திரும்பும் பயணம் வேறு மாதிரி. எல்லாரும் களைத்திருப்பார்கள், வீட்டுச் சாப்பாடு இருக்காது, ஆக்ரா பேட்டா இனிப்பு டப்பாக்களால் சாமான் இரட்டிப்பாகியிருக்கும். போகும்போது பெர்த் தியாகம் செய்தவர்களுக்குத் திரும்பும்போது நல்ல இடம் கொடுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள். மிஞ்சிய பருப்புப்பொடியை டெல்லியில் தீர்த்துவிடாமல் ஒளித்து வையுங்கள், பேன்ட்ரி சாதத்தோடு அது அன்றைக்குப் பெரிய விருந்து.

பொதுப் பணக் கணக்கை கூடூர் தாண்டுவதற்குள் முடித்துவிடுங்கள். எல்லாரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து, மீதியைக் கையிலேயே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். சென்ட்ரலில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் ஆட்டோ பிடித்து ஓடிவிடுவார்கள், அப்புறம் அந்த முந்நூற்று நாற்பது ரூபாய் யாருக்கு வர வேண்டியது என்று அடுத்த பொங்கல் வரை போன் வந்துகொண்டே இருக்கும்.